கேற்றுக்கு வெளியே ஒரு மேசை: பிள்ளைகளின் சாப்பாட்டுக் கடையில் பெரியவர்கள் விடும் தவறுகள்

போன வருடப் பள்ளிக்கூட விடுமுறையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து கேற்றுக்கு வெளியே ஒரு மேசை போட்டார்கள். தேசிக்காய்ச் சாறு ஒரு கிளாஸ் 100 ரூபா, மாங்காய் அச்சாறு ஒரு கோப்பை 150 ரூபா. விலைப்பட்டியலை மூன்று மொழியிலும் எழுதி, தமிழில் மட்டும் 'சாரு' என்று எழுதி, அதை எதிர்வீட்டு டீச்சர் வந்து திருத்தி, ஒழுங்கையே கலகலப்பாக இருந்தது. பதினொரு மணி போல ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றாமலே விலை கேட்டார். பிள்ளைகள் சந்தோஷமாகக் கிளாஸை நீட்டினார்கள். வந்தவர் அந்தப் பகுதியின் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

அவர் ஏசவில்லை. மூன்று கேள்விதான் கேட்டார். தண்ணீர் கொதித்து ஆறியதா? ஐஸ் எங்கே வாங்கியது? இதற்குப் பொறுப்பான பெரியவர் யார்? முதல் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதுக்கு எல்லாரும் என் வீட்டு யன்னலைப் பார்த்தார்கள். ஐஸ் வாங்கிக் கொடுத்தது நான். மீன்காரரிடம் ஒரு கட்டி வாங்கி, சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்துக் கொடுத்திருந்தேன். வெளியே வந்து அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாறு முழுவதும் கானுக்குள் போனது. கடைக்குட்டி மட்டும், "அச்சாறையும் ஊத்தணுமா?" என்று கேட்டாள்.

அன்று நடந்த தவறு அத்தனையும் பெரியவர்களுடையது. அதற்குப் பிறகு விசாரித்து, கேட்டு, படித்து நான் தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை.

முதலாவது தவறு எல்லாருடைய வாயிலும் வருவது: "சின்னப் பிள்ளைகள்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்பவரின் வயதைப் பார்ப்பதில்லை, உணவைப் பார்க்கிறது. மனிதர் உண்ணத் தகாததை விற்றால் தவறு. அசுத்தமான இடத்தில் தயாரித்தாலோ வைத்திருந்தாலோ தவறு. பிஎச்ஐக்கு அதைப் பார்க்கவும் நிறுத்தவும் அதிகாரம் உண்டு. பிள்ளைகளின் மேசைக்கென்று தனியாக ஒரு விதிவிலக்கு அந்தச் சட்டத்தில் இல்லை.

"நாங்கள் இலவசமாகத்தானே கொடுக்கிறோம், உண்டியல் மட்டும் வைத்திருக்கிறோம்" என்பதும் உதவாது. வெசாக் பண்டிகைக் காலத்தில் கொழும்பு முழுக்கத் தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல் போடுகிறார்களே, ஒரு சதம் வாங்குவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் தன்சல்காரர்கள் தங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், நாம் எம்ஓஎச் என்று சொல்லும் இடத்தில், முன்கூட்டியே பதிய வேண்டும். பிஎச்ஐமார் வந்து தண்ணீரையும் சமைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். ஆடிவேல் விழாவுக்குச் செட்டியார் தெருப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுபவர்களும் இதே கேள்விகளுக்குத் தயாராக இருப்பதுதான் நல்லது. மோருக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கும் காசு வாங்காவிட்டாலும் வயிற்றோட்டம் வரும்.

இன்னொன்று. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, குற்றப் பொறுப்புக்கான வயதை 8இலிருந்து 12 ஆக்கினார்கள். பத்து வயதுப் பிள்ளை சாறு விற்றதற்கு அந்தப் பிள்ளை மேல் வழக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் "பொறுப்பான பெரியவர் யார்?" என்ற கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை.

இரண்டாவது தவறு வாட்ஸப்பில் வருகிறது. அமெரிக்காவில் பிள்ளைகள் லெமனேட் விற்க அனுமதிப் பத்திரமே தேவையில்லை என்று யாராவது ஒரு வீடியோ அனுப்புவார்கள். அது அங்கே சில மாநிலங்களில் சரி. யூட்டா மாநிலம் 2017இலும் டெக்சாஸ் 2019இலும் அதற்கென்றே சட்டம் போட்டன. ஆனால் ஏன் போட வேண்டி வந்தது? அதற்கு முன்னர் அங்கேயும் பிள்ளைகளின் மேசைகளை அனுமதி இல்லை என்று மூடினார்கள். லண்டனில் 2017இல் ஐந்து வயதுப் பிள்ளை வீட்டுப் பக்கத்தில் லெமனேட் விற்றதற்கு 150 பவுண் தண்டப் பணம் எழுதிக் கொடுத்து, ஊரே கொதித்ததும் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார்கள். டெக்சாஸ் சட்டத்தைக் காட்டி வெள்ளவத்தையில் வாதாட முடியாது. என்னைக் கேட்டால், நமக்கு அமெரிக்கச் சட்டம் வேண்டியதே இல்லை. தன்சலுக்கு இருக்கும் பதிவு முறையைச் சுருக்கி, பிள்ளைகளின் ஒருநாள் மேசைக்கு ஒரு பக்கப் படிவம் வைத்தால் போதும். பழக்கமான வழி, பழக்கமான அலுவலகம். அப்படி ஒன்று வரும் வரைக்கும் நாமே போய்க் கேட்பதுதான் வழி.

மூன்றாவது, இடம். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், நானும் சேர்த்தி.

கேற்றுக்கு உள்ளே மேசை போடுவதும் வெளியே போடுவதும் பார்க்க இரண்டடி வித்தியாசம். சட்டத்துக்கு அது இரண்டு ஊர். நடைபாதை பொது இடம். அங்கே மேசை வைத்தால் உணவுப் பிரச்சினைக்கு முன்னரே பாதையை மறித்த பிரச்சினை வந்துவிடும். காலி வீதி ஏ2 என்ற தேசிய நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் பேச்சு உண்டு. காலிமுகத்திடலில் கடலையும் இறால் வடையும் விற்கிறார்களே, நாம் ஒரு மூலையில் நின்றால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நிற்பவருக்கு இடம் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. ஒரு வண்டிலுக்கான அனுமதி பக்கத்தில் நிற்பவருக்குப் பரவாது.

தொடர்மாடியில் இருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். கீழே வாகனம் நிறுத்தும் இடமும் லிஃப்ட் வாசலும் உங்கள் வீட்டின் பகுதி இல்லை, எல்லாருக்கும் பொது. முகாமைத்துவச் சபையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்றாம் மாடியில் யாருக்காவது உங்களோடு பழைய கோபம் இருந்தால் முதல் முறைப்பாடு அங்கிருந்துதான் போகும்.

அப்புறம் எல்லை. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபை. கொஞ்சம் தெற்கே போனால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை, அது வேறு. கொழும்பு மாநகர சபையின் நகர மண்டபத்தில் கேட்ட பதிலை வைத்துக்கொண்டு தெஹிவளையில் மேசை போட்டுப் பயனில்லை. உங்கள் வீட்டுக்குரிய பிஎச்ஐ யார் என்பதே முதல் கேள்வி. டெங்கு நுளம்பு பார்க்க வீட்டுக்கு வருகிறார்களே, அப்போதே இலக்கத்தைக் கேட்டு வைத்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

பத்திரங்களைக் குழப்பிக்கொள்வது நான்காவது தவறு. "எங்களிடம் பிஆர் இருக்கிறது" என்று சிலர் நிமிர்ந்து சொல்வார்கள். பிரதேச செயலகத்தில் எடுக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவு அந்தப் பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதைத்தான் காட்டும். சமையலறை சுத்தம் என்று அது சொல்லவில்லை. மாநகர சபையின் வியாபார அனுமதிப் பத்திரம் வேறு. அது வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது, டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். விடுமுறையில் ஒருநாள் மேசைக்கு இதற்கெல்லாம் ஓடத் தேவையில்லை, பிஎச்ஐயோடு முன்கூட்டியே பேசுங்கள். ஆனால் அந்த மேசை பிடித்துப்போய், அக்கம்பக்கத்தார் ஒவ்வொரு வெள்ளியும் ரோல்ஸும் கட்லட்டும் ஓர்டர் பண்ணத் தொடங்கினால் அது விளையாட்டு இல்லை. அப்போது பதிவும் அனுமதியும் வேண்டும், பெரியவர் ஒருவரின் பெயரில் வேண்டும். பக்கற்றில் அடைத்து விற்றால் லேபலும் வேண்டும்: பெயர், நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவரின் முகவரி.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழிதான். அவசரத்தில் சிங்களப் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, வீட்டில் வந்து அயலவரிடம் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது தவறு கொஞ்சம் கசப்பானது. பிள்ளை தொழில் பழகட்டும் என்று தொடங்குவது, மெல்லப் பிள்ளையின் உழைப்பில் வீட்டுச் செலவு நடப்பதில் போய் முடியலாம். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 16. அதற்கு முன் 14 ஆக இருந்தது. 5 வயதிலிருந்து 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். ஞாயிறு காலை மூன்று மணித்தியாலம் தன் கூட்டாளிகளோடு சாறு விற்று, சலித்ததும் மூடிவிட்டு ஓடும் பிள்ளையும், இரவு ஒன்பது மணிக்கு மரைன் டிரைவில் வடைத் தட்டோடு நிற்கும் பிள்ளையும் ஒன்றில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கடையை மூடலாம் என்று பிள்ளை சொன்னால் மூட முடியுமா? காசு யார் கைக்குப் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் சங்கடமாக இருந்தால் அங்கே நிறுத்த வேண்டும். இரண்டாவது வகையைக் கண்டு யாராவது 1929க்கு அழைத்தால், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், அழைத்தவரைக் கோபிக்க முடியாது. கொதிக்கும் எண்ணெயும் காஸ் அடுப்பும் எந்த நிலையிலும் பெரியவர் கையில்தான்.

இனிச் சாப்பாடு. ஐஸைப் பற்றிச் சொல்லிவிட்டேன், ஆனாலும் இன்னொரு தரம் சொல்கிறேன். மீன் ஐஸ் எந்தத் தரையில் இழுபட்டது, எந்தச் சாக்கில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கொதித்து ஆறிய தண்ணீரை வீட்டு ஃப்ரிஜ்ஜில் உறைய வையுங்கள், போதாவிட்டால் ஐஸ் இல்லாமல் கொடுங்கள். குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து வருவதுதானே என்று நினைக்கலாம். வீட்டு மேல் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று யோசித்துவிட்டு நினையுங்கள். தேசிக்காய்ச் சாற்றை அலுமினியப் பாத்திரத்தில் கரைத்து வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. வடையோடு தேங்காய்ச் சம்பல் கொடுக்கும் ஆசை வரும். கொழும்பு வெயிலில் அது மத்தியானத்துக்கு முன்னரே புளித்துவிடும், விட்டுவிடுங்கள்.

கட்டிக் கொடுக்கும் காகிதத்தில் எங்களுக்கு ஒரு பழைய பாசம் இருக்கிறது. கடலை வாங்கினால் சரையைப் பிரித்து, யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாளை வாசித்து, 'இருபதுக்கு ஏழு' என்று சிரிக்காதவர் யார்? ஆனால் சூடான எண்ணெய் வடையை அதில் வைத்தால் மையும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். வெள்ளைத் தாள், வாழையிலை, வீட்டுக் கிண்ணம் எதுவும் சரி. சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிஃபோம் பெட்டிக்கும் 2017 செப்ரெம்பரிலேயே தடை வந்துவிட்டது. பிளாஸ்டிக் ஸ்ரோ, கப், தட்டு, கரண்டி ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபரில். சாறு விற்கும் பிள்ளைகள் முதலில் வாங்கி வருவதே ஸ்ரோவும் கப்பும்தான்! புறக்கோட்டையில் கிடைக்கிறது என்பதால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது.

காசு வாங்கும் கையும் அச்சாறு அள்ளும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேலை. காய்ச்சல், வயிற்றோட்டம், கையில் புண் உள்ளவருக்கு அன்று விலைப்பட்டியல் எழுதும் வேலை.

பிஎச்ஐ வந்தால் பிள்ளைகளை முன்னுக்கு விட்டுவிட்டு யன்னலுக்குப் பின்னால் நிற்காதீர்கள் (நான் நின்றேன்). பொய் சொல்லாதீர்கள். "சேர், ஒரு நூறு ரூபா வச்சுக்கொள்ளுங்க" என்று மட்டும் தவறியும் சொல்லாதீர்கள், சாறு வழக்கு அப்போது இலஞ்ச வழக்காகிவிடும். என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த விடுமுறையில் நாங்கள் அவருக்கு முதலே கோல் எடுத்தோம். கேற்றுக்கு உள்ளே மேசை. அவித்த கடலை, கதலி வாழைப்பழம், ஐஸ் போடாத சாறு. வீட்டிலிருந்த கிளாஸ்களையே வைத்தோம், ஒரு பிள்ளைக்குக் கழுவுவதே வேலை. ஒரு மணிக்கெல்லாம் விற்று முடிந்தது. கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார்கள். சீனி, தேசிக்காய், கடலை என்று செலவு வரிசையாக இருந்தது. கடைசியில் போன வருடத்து ஐஸையும் சேர்த்திருந்தார்கள். அதற்கு நேரே தொகை எழுதவில்லை. 'மாமாவின் செலவு' என்று மட்டும் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.