தொவில் பார்க்கப் போறீங்களா, இத படிச்சிட்டுப் போங்க

இலங்கையில காலி, மாத்தறை பக்கம் சிங்கள நண்பர் யாராவது வீட்ல சன்னி யகும தொவில், அதாவது நோய் குடுக்கிற பேய்கள மேளம், ஆட்டத்தோட விரட்டுற சடங்கு, வச்சு உங்களையும் கூப்பிட்டா கண்டிப்பா போங்க, ஆனா அது ஷோ இல்ல, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமதான் நடக்குதுங்கறத மனசுல வச்சுக்கோங்க. மதியமே நல்லா தூங்கிடுங்க, பொழுது சாய ஆரம்பிச்சா விடிய விடிய போகும். நோயாளிக்கும் ஆடுறவங்களுக்கும் நடுவுல போய் நிக்காதீங்க, சொந்தக்காரங்களோட ஓரமா உக்காந்துக்கோங்க. பந்தத்துல குங்கிலியப் பொடி வீசுவாங்க, குப்புனு தீ எழும்பி முகத்துல சூடு அடிக்கும், அதனால நைலான் வேண்டாம், காட்டன் போடுங்க. ஃபோட்டோன்னா வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு, ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

18 சன்னி (நோய்ப் பேய்) முகமூடி ஆட்டம் ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சுதான் வரும், ஊமை, செவிடு, குருடுன்னு ஒவ்வொண்ணும் ஒரு நோய். முகமூடி போட்ட பேய் மேளக்காரர்கிட்ட ஏட்டிக்குப் போட்டியா பேசும், எல்லாரும் சிரிப்பாங்க, நீங்களும் வாய்விட்டு சிரிங்க, தப்பே இல்ல, அந்தச் சிரிப்பும் வைத்தியத்துல ஒரு பாகம். அப்ப நோயாளி முகத்த கவனிங்க, மிரட்ட வந்த பேய் புத்தர் பேருக்கு அடங்கிப் போறத பார்த்து அவர் தோள் லேசா தளரும் பாருங்க, எனக்கு அந்த ராத்திரியிலயே முக்கியமான இடம் அதுதான். டாக்டர் குடுத்த மாத்திரைய மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதீங்க.