மேப் வைத்துப் போனாலும் வழி மனதில் நிற்க

கூகுள் மேப் பார்த்தே ஓரிடத்துக்குப் பலமுறை போயிருப்போம். ஆனாலும் போனில் சார்ஜ் தீர்ந்தால் வழி தெரியாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. லண்டனின் சோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி, 24 பேரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாமாகவே வழி கண்டுபிடித்தபோது, புதிய தெருவில் நுழைகையில், வழியையும் இடத்தையும் நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. திரை காட்டிய பக்கம் திரும்பியபோது அந்தக் கூடுதல் வேலை நடக்கவே இல்லை.

அதற்காக மேப்பைத் தூக்கிப் போட வேண்டாம். கிளம்பும் முன் முழுப் பாதையையும் ஒருமுறை பாருங்கள். திரும்பும் இடங்களில் கோயிலோ பெட்ரோல் பங்க்கோ, இரண்டு மூன்று அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியோடு சேர்ந்து சுழலும் மேப்பில் திருப்பங்கள் எளிது, உண்மைதான். ஊரின் அமைப்பு பதிய வேண்டுமானால் வடக்கு மேலேயே நிற்கும் மேப்தான் நல்லது.

அப்புறம், முக்கியமானது இதுதான்: திரும்பி வரும்போது மேப்பின் குரலை நிறுத்திவிட்டு நீங்களே வாருங்கள். புது ஊர், இரவு நேரம், கடும் நெரிசல் என்றால் மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம். அப்போது குரல் பேசட்டும், கண் சாலையில் இருக்கட்டும்.