கரையேறியதும் பாதத்தைப் பாருங்கள்: சர்க்கரை நோயுள்ள விவசாயிகளுக்கு

காவிரிப் படுகையில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடக்கின்றன. ஆகவே, சர்க்கரை நோய் தம் இரத்தக் குழாய்களை என்ன செய்திருக்கிறது என்பதை இங்குள்ள விவசாயிகள் முதலில் பாதத்தில்தான் தேட வேண்டும்.

இரத்தக் குழாயின் உட்பரப்பில் ஓரடுக்காக அமைந்த செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, தேவைக்கேற்பக் குழாயை விரியச் செய்கின்றன. சர்க்கரை நெடுங்காலம் கட்டுக்குள் இல்லாதபோது அச்சுரப்பு குன்றுகிறது. சுவரின் புரதங்களில் சர்க்கரை ஒட்டுவதால் குழாய் விறைக்கிறது. பெரிய குழாய்களில் கொழுப்பு படிந்து வழி குறுகுகிறது. நுண்குழாய்கள் கெடுவதால் நரம்புகளும் மரத்துப்போகின்றன. அதனால்தான் சேற்றுக்குள் நத்தை ஓடு கிழித்தது தெரிவதில்லை. தெரிந்த பின்னும், அதை ஆற்றப் போதிய இரத்தம் அங்கே வந்து சேர்வதில்லை.

கரையேறியதும் சேற்றைக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலில் வெடிப்பு, கொப்புளம், சேற்றுப்புண், நிறமாற்றம் உண்டா என்று பாருங்கள். குனிய இயலாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அடுத்து, புறங்காலின் நடுவில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலாக இரண்டு விரல்களை மெல்ல வைத்துத் துடிப்பைத் தேடுங்கள். நலமாக இருக்கும் சிலருக்கும் அது அங்கே தட்டுப்படாது. உட்கணுக்காலின் பின்புறத்திலும் தேடுங்கள். இரண்டிடத்திலும் இல்லையென்றாலோ, வரப்பில் நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறதென்றாலோ, கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழிருந்தால் கால் குழாய்களில் அடைப்பு உண்டு. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு இவ்விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையை விட்டுவிடுங்கள், அதன் நிகோட்டின் குழாய்களைச் சுருக்குகிறது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழும், இரத்த அழுத்தம் 130/80க்குக் கீழும் இருப்பது நல்லது. வயதானவர்களுக்கு மருத்துவர் வேறு இலக்கு சொல்லக்கூடும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக மாத்திரை வீடு தேடி வந்தாலும், ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீர்ப் புரதச் சோதனைகளுக்கு நீங்களே செல்ல வேண்டும்.

புண் கருத்தாலோ, நாற்றம் எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி இல்லையே என்று அறுவடை முடியும்வரை தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.