பவளத் தொட்டியில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவது?

வாரம் ஒரு முறை, 10 சதவீதம். பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களையும் கடல் மீன்களையும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைத்து இன்னும் ஆறு மாதம் ஆகாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். 100 லிட்டர் தொட்டி என்றால் 10 லிட்டர். வாரா வாரம் முடியாதா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 சதவீதம் மாற்றுங்கள், தவறில்லை. இரண்டு மாதம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றுவது மட்டும் வேண்டாம். காரணத்தை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். தினமும் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட ஊற்றுவது வேறு, தண்ணீர் மாற்றுவது வேறு. ஆவியாகும்போது தண்ணீர் போகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதனால் அந்தக் குறைவுக்கு உப்புக் கலக்காத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

சரி, எதற்கு மாற்றுகிறோம்? மீனுக்குப் போடும் தீனி கடைசியில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கிறது. அதே நேரத்தில் பவளங்கள் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்ட கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. புதுத் தண்ணீர், கூடியதைக் கொஞ்சம் குறைக்கிறது, குறைந்ததைக் கொஞ்சம் நிரப்புகிறது. "கொஞ்சம்" என்பதை மறக்காதீர்கள். நைட்ரேட் 40 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 40 பங்கு) இருக்கும் தொட்டியில் 10 சதவீதம் மாற்றினால் 36 ஆகும். அந்த வாரத் தீனியால் 5 சேர்ந்தால் 41. விடாமல் வாரா வாரம் மாற்றினாலும் இந்தத் தொட்டி 50ஐ நோக்கித்தான் நகரும். இங்கே குறைக்க வேண்டியது தீனி. வாளியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

படி 1: முந்தின நாளே தண்ணீரைக் கலக்குங்கள்

ஆர்.ஓ.வோடு, மிச்சமிருக்கும் அயனிகளையும் நீக்கும் டி.ஐ. வடிகட்டியும் சேர்ந்த கருவியில் இறக்கிய தண்ணீர் வேண்டும், கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின், பாஸ்பேட், சில இடங்களில் செம்பு கூட இருக்கும். மீன் தாங்கும் அளவு செம்பு, இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

சோப்புப் படாத வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு. மாற்றிச் செய்தால், அதாவது உப்பைக் கொட்டி அதன் மேல் தண்ணீரை ஊற்றினால், அடியில் செறிவு அளவுக்கு மீறிப் போய் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படியும். அது எவ்வளவு கலக்கினாலும் எளிதில் கரையாது. லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம் உப்பு பிடிக்கும். சரியான அளவு பாக்கெட்டில் இருக்கும். பொடி அடியிலும் மணி மேலுமாகப் பிரிந்திருக்கும் என்பதால், எடுப்பதற்கு முன் பையை நாலு முறை உருட்டிவிடுங்கள். வாளிக்குள் தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன பவர்ஹெட் பம்ப், ஒரு ஹீட்டர். சில உப்புகள் இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும், சிலவற்றுக்கு ஓர் இரவு வேண்டும்.

படி 2: புதுத் தண்ணீரைத் தொட்டியோடு ஒப்பிடுங்கள்

என்னைக் கேட்டால், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்வியைவிட இதுதான் பெரிய கேள்வி. உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண் 1.026 அளவில் இருக்க வேண்டும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீர் வைத்துச் சரிபார்ப்பதைவிட 35 பி.பி.டி. திரவம் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது ஆல்கலினிட்டியில், அதாவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட் வகைகளின் அளவில். அதை டி.கே.எச். என்ற அலகில் அளப்பார்கள். சில உப்புகளைக் கலந்தால் 12 டி.கே.எச். வரும். உங்கள் தொட்டி 8ல் இருக்கிறது என்று வையுங்கள். 10 சதவீதம் மாற்றினால் 8.4, எந்தப் பவளமும் கவலைப்படாது. பாதியை மாற்றினால் ஒரே மணி நேரத்தில் 10. கிளைவிட்டு வளரும் கடினப் பவளங்களில் நுனி வெளுத்துத் தசை உரிவது இப்படிப்பட்ட தாவல்களுக்குப் பிறகு நடப்பதுண்டு. பாதித் தொட்டியை ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

படி 3: எல்லாவற்றையும் அணையுங்கள்

ஹீட்டர், சம்ப்பிலிருந்து (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) தண்ணீரைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர். தண்ணீருக்கு வெளியே தெரியும் ஹீட்டர் சூடாகி அதன் கண்ணாடி வெடிக்கும். ஆனால் முதலில் அணைக்க வேண்டியது தானாக நல்ல தண்ணீர் ஊற்றும் ஆட்டோ டாப்-ஆஃப். ஒரு முறை நான் அதை மறந்தேன். சம்ப்பில் மட்டம் இறங்கியதும் அது தன் கடமையைச் செய்தது. நான் திரும்பி வந்து உப்புத் தண்ணீரை ஊற்ற, சம்ப் விளிம்பு வரை வந்து நின்றது. மறுநாள் அளந்தால் 33 பி.பி.டி. ஆவியாகும் குறைவுக்கு நாலைந்து நாள் நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஊற்றி மெதுவாக ஏற்றினேன். அன்றிலிருந்து அந்த பிளக்கில் சிவப்பு டேப்.

படி 4: உறிஞ்சி எடுங்கள்

குழாயை வாயால் உறிஞ்சவே கூடாது. ஸோவாந்திட், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு; கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பிழிந்து இழுக்கும் பம்ப் வைத்த குழாய் போதும். மூன்றாம் படியில் ரிட்டர்ன் பம்ப்பை அணைப்பதற்கு முன்பே, பாறை இடுக்குகளில் பிப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சினால் அழுக்கு மேலே கிளம்பும். மணலில் வாரத்துக்கு மூன்றில் ஒரு பகுதியை மட்டும் கிளறுங்கள். கனமாக மணல் போட்ட தொட்டி என்றால் மேற்பரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கியிருக்கலாம். மட்டம் எது வரை இறங்க வேண்டும் என்று கண்ணாடியின் வெளியே ஒரு டேப் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

படி 5: ஊற்றுங்கள்

மெதுவாக, பவளத்தின் மேல் நேராக விழாமல், முடிந்தால் சம்ப்பில். ஊற்றி முடித்ததும் திரும்பப் போட வேண்டிய வரிசை: ரிட்டர்ன் பம்ப், பிறகு ஹீட்டர், மட்டம் நிலைத்த பிறகு கடைசியாக ஆட்டோ டாப்-ஆஃப். ஸ்கிம்மர் சில மணி நேரம் பைத்தியம் பிடித்த மாதிரி நுரைக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

அப்புறம், எப்போது இடைவெளியை மாற்றுவது?

ஒரு மாதம் வாரா வாரம், தண்ணீர் மாற்றும் முன் அளந்து குறித்துவையுங்கள். நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம். வரை, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை நிலையாக நின்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தளர்த்தலாம். இரண்டுமே பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். பவளம் வெளிறும், மணலில் குமிழி கோத்த பழுப்புச் சளி, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர், தலைகாட்டும். அப்போது தண்ணீர் மாற்றுவதைக் குறைக்க வேண்டும். 50 லிட்டருக்கும் சிறிய தொட்டியில் வாரத்தைத் தவறவிடாதீர்கள். கடினப் பவளங்கள் நிறைந்த தொட்டிக்கு இந்த 10 சதவீதத் தண்ணீரோடு வரும் கால்சியம் போதாது, தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

உயிர்கள் இருக்கும் தொட்டியில் அம்மோனியா தென்பட்டாலோ, ஏதாவது நஞ்சு விழுந்துவிட்டாலோ இந்தக் கணக்கெல்லாம் கிடையாது; 30 முதல் 50 சதவீதம், உடனே. ஆல்கலினிட்டி தாவினாலும் பரவாயில்லை, உப்பும் வெப்பமும் மட்டும் ஒத்துப்போகட்டும். அந்த நேரத்தில் கலக்கிக்கொண்டு நிற்க முடியாது என்பதால், ஒரு கேன் உப்புத் தண்ணீரை மூடி போட்டு எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். அடுத்த வார வேலைக்கு அதை எடுத்துவிட்டு, அன்றே புதிதாக ஒரு கேன் கலந்து வைத்துவிடுவேன்.