இரண்டு கதீட்டருக்கு நடுவில் கசிவு: எனக்குச் சரியான வழி

முதுகுத்தண்டு அடிபட்டபின் நெலட்டான் குழாய் (ஒவ்வொரு முறையும் போட்டு எடுத்துவிடும் மெல்லிய கதீட்டர்) போட்டுச் சிறுநீர் எடுப்பவர்களுக்கு இடையில் கசிந்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அளவு பாருங்கள். ஒவ்வொரு முறையும் வந்த மில்லியை நேரத்தோடு எழுதுங்கள். ஒரு முறைக்கு 500 மில்லியைத் தாண்டக் கூடாது. என் நோட்டில் பகலெல்லாம் 350, விடியற்காலையில் மட்டும் 700. நாள் முழுக்க சக்கர நாற்காலியில் தொங்கும் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்குகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்து, தூங்குமுன் குழாய் போட்டதில் பாதி அடங்கியது.

மீதிக் கசிவு, சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதால் வந்தது. அதற்கு ஆக்ஸிபியூட்டினின், அந்தச் சுருக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை. வாய் வறளும், மலச்சிக்கலும் வரும். குடல் நிறைந்தால் கசிவு திரும்பும், ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்கணும். மாத்திரை ஒத்துவராதவர்களுக்குப் சிறுநீர்ப்பையின் தசையில் போடாக்ஸ் ஊசி, வழக்கமாக 200 யூனிட். பல மாதம் தாங்கும், பிறகு மறுபடி போடணும்.

ஆண்களுக்குக் குழாய் பாதியில் தடைபட்டால் தள்ளாதீர்கள். பெரும்பாலும் அது சிறுநீர் வழியை மூடும் சுருக்குத்தசையின் இறுக்கம். நிதானமாக மூச்சு விட்டுக் காத்திருந்தால் இளகும். ஜெல்லியில் கஞ்சத்தனம் வேண்டாம். அடிவயிற்றை அமுக்கிப் பிழிவது சிறுநீரைச் சிறுநீரகத்துக்கே ஏற்றிவிடக்கூடும்.

டி6-இல் (தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாவது நிலை) அல்லது அதற்கு மேல் அடிபட்டவருக்குத் திடீர்த் தலைவலி, வியர்வை, பிரஷர் ஏற்றம் வந்தால் நிமிர்ந்து உட்கார்த்தி, உடனே சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். அடங்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.