நின்னபடியே சரியிற வலிப்பு: வீட்டுல என்ன பண்ணணும்

வலிப்புன்னா கைகால் வெட்டி இழுக்கும், நுரை தள்ளும்னுதான் எங்க தண்டையார்பேட்டையில பலரும் நினைக்கிறாங்க. என் தங்கச்சி மகனுக்கு வர்றது வேற. தசையோட பிடிப்பு சட்டுனு விட்டுப்போய், நின்ன இடத்திலேயே பொத்துனு விழுவான். இதுக்கு ஏடோனிக் வலிப்புன்னு பேரு. பெரும்பாலும் 15 நொடிக்குள்ள முடிஞ்சிடும். சில நேரம் தலை மட்டும் தொங்கும், கையில இருக்கிற டம்ளர் நழுவும். அதையும் தேதி, நேரத்தோட எழுதி வைங்க.

விழுந்ததும் சாவிக்கொத்து தேடி ஓடாதீங்க. இரும்பால வலிப்பு நிக்காது. வாயில தண்ணி, ஸ்பூன் எதுவும் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நெத்தி, தாடை, பல்லு பாருங்க, ஏன்னா இந்த வலிப்புல பெரிய ஆபத்தே அடிதான். 5 நிமிஷம் தாண்டினாலோ, விடாம அடுத்தடுத்து வந்தாலோ, தலையில பலமா அடிபட்டாலோ 108-க்கு போன் போடுங்க.

வீட்டுல தாடையையும் மூடுற மெத்தை வெச்ச ஹெல்மெட் போடுங்க. பைக் ஹெல்மெட் கனம், பிள்ளை கழட்டி வீசிடுவான். குளிக்கிறப்ப ஸ்டூல்ல உக்காரட்டும், தாழ்ப்பாள் வேண்டாம். தண்ணி ட்ரம்முக்கு மூடி போடுங்க. மாடியில காத்தாடி விடுற ஆசைக்கு மட்டும் நான் கறாரா தடை போட்டுட்டேன், அழுதாலும் சரி.

நரம்பியல் டாக்டர்கிட்ட போறப்ப செல்போன் வீடியோ கொண்டுபோங்க. மயக்கமா வலிப்பான்னு பிரிச்சுப் பார்க்க ஈ.ஈ.ஜி.யோட (மூளையோட மின் அலையைப் பதிவு பண்ற சோதனை) அந்த வீடியோவும் உதவும். வால்ப்ரோயேட், குளோபசாம் மாதிரி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த மாத்திரை அட்டை வாங்கி வைங்க.