சின்னப் பட்டறையில் இருபதடி கேட்

திருநெல்வேலிப் பேட்டையில் எங்கள் வெல்டிங் பட்டறைக்கு 12 அடி அகலம், 18 அடி நீளம். போன பங்குனியில் அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, இருபதடிக்கு ஒரு ஸ்லைடிங் கேட் வேண்டும், உயரம் ஆறடி போதும்" என்றார். முன்பணத்தை வாங்கிப் பையில் வைத்த பிறகுதான் பட்டறையைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கிரில் வரை செய்து பழகி, முதன்முதலாகப் பெரிய வேலை எடுப்பவர்களுக்கு அந்தக் கேட்டை வைத்தே சொல்கிறேன்.

1. வெளியே போகும் வழி

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு சுருள் படிக்கட்டைப் பட்டறைக்குள்ளேயே முழுதாக ஒட்டி முடித்தேன். ஷட்டர் வழியாக அது வெளியே வரவில்லை. நடுவில் அறுத்துத்தான் எடுத்தோம். ஆகவே முதல் பைப்பை வெட்டுவதற்கு முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டறைத் தரை, ஷட்டர் வாசல், வண்டி. குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியின் தளம் சுமார் ஏழடி. பத்தடித் துண்டு மூன்றடி வெளியே நீளும். அதற்கே கொஞ்சம் நீளமான வண்டி பார்க்க வேண்டும். இருபதடியை இப்படிச் சின்ன வண்டியில் ஏற்றவே முடியாது. எனவே கேட் இரண்டு பாதி, நடுவில் போல்ட்.

2. இரும்பு வாங்குவது

கடையில் இருபதடி பைப் என்று தருவது பெரும்பாலும் 6 மீட்டர். அது 19 அடி 8 அங்குலம்தான். இரண்டாக வெட்டினால் ஒரு பாதிக்கு இரண்டு அங்குலம் குறையும். இதை மறந்து வெட்டினால் ஆலைக்காரரின் வாசலில் நாலங்குல இடைவெளி நிற்கும். டேப்பைப் பிடித்து அளந்த பிறகே விலை பேசுங்கள்.

எடையையும் கணக்கிடுங்கள். 50க்கு 50 மில்லிமீட்டர், 3 மில்லி கனமுள்ள ஸ்கொயர் பைப் ஒரு மீட்டர் சுமார் 4.4 கிலோ. 1.2 மில்லி ஷீட் ஒரு சதுர மீட்டர் சுமார் 9.4 கிலோ. எங்கள் கேட் மொத்தம் 200 கிலோவைத் தாண்டியது. பாதிக்கு நூறு, தூக்க நான்கு பேர். சக்கரமும் இந்தக் கணக்கை வைத்தே.

3. நடு இணைப்பு

நடுவில் சந்திக்கும் இரண்டு நிமிர்ந்த பைப்புகளையும் சட்டம் கட்டுவதற்கு முன்பே ஒன்றாகச் சேர்த்து கிளாம்ப் போட்டு, மூன்று இடத்தில் ஒரே தடவையில் துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் வாசலில் போய் போல்ட் நுழையாது. இரண்டின் மேல்முனையிலும் உளியால் ஒரு கோடு போட்டுவிட்டால் தலைகீழாக மாறாது. வெறும் பைப்பில் போல்ட்டை முறுக்கினால் சுவர் உள்ளே நசுங்கும். துளைக்குள் சிறு குழாய்த் துண்டைச் செருகி இரு முகத்திலும் ஒட்டுங்கள்.

4. சட்டமும் ஒட்டும் வரிசையும்

தரையை நம்பாதீர்கள். எங்கள் சிமென்ட் தரையில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் அரை அங்குலம் ஏற்றத்தாழ்வு. சேனல் (U வடிவ இரும்பு) துண்டுகளை வைத்து, ரசமட்டம் பார்த்து, அதன்மேல் சட்டத்தைப் பரப்பினோம். மூலைக்கு ஒரே ஒரு டேக், அதாவது தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு ஒட்டு. பிறகு மூலைவிட்டம் அளக்க வேண்டும்: பத்துக்கு ஆறு சட்டத்தில் இரண்டுமே 11 அடி 8 அங்குலத்துக்கு அரை நூல் (ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம்) குறைவாக வரும். ஒன்று நீண்டிருந்தால் அந்த மூலையைச் சுத்தியால் தட்டுங்கள். ஒரே டேக் என்பதால் நகரும்.

சரியாக வந்ததும் ஒரு பக்கத்தை அப்படியே ஒட்டி முடிக்கத்தான் கை துடிக்கும். கூடாது. ஒட்டிய இடம் ஆறும்போது சுருங்கி, இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். மாலையில் சட்டம் வில்லாக நிற்கும். ஒரு மூலை, அதற்கு எதிர்மூலை, பிறகு மற்ற இரண்டு. பின்னர் சட்டத்தைப் புரட்டிப் போட்டு மறுபடி அதே வரிசை. 2.5 மில்லி வெல்டிங் ராடு, கரண்ட் 80 ஆம்பியர் அளவில்.

ஷீட்டுக்கு 2 மில்லி ராடு, 50 ஆம்பியர். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஆறங்குலத்துக்கு ஒருமுறை ஓரங்குலம் மட்டும். தொடர்ந்து ஒட்டினால் ஷீட் தொப்பை தள்ளிவிடும்.

5. வாசலில் நிறுத்துவது

ஏற்றுவதற்கு முன் விடிகாலையில், டவுன் பஸ் ஓடத் தொடங்குமுன், பட்டறைக்கு எதிரே சாலையில் இரண்டு பாதியையும் பூட்டிப் பார்த்தோம். டீக்கடைக்காரர் கோபித்துக்கொண்டார்.

பணம் வந்து சேரத் தாமதமாகி, ஆடியில்தான் கொண்டுபோனோம். ஷீட் அடித்த கேட் ஆடிக் காற்றில் பாய்மரம்போல இழுக்கும். இருபுறமும் கயிறு பிடித்து, காற்று ஏறுவதற்குள் காலையிலேயே நிறுத்திவிட வேண்டும். போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே பூட்டி, தண்டவாளத்தில் நேராக நின்ற பிறகு முறுக்குங்கள்.

கேட் சக்கரத்தில் ஏறியதுமே, நிற்பவர்களில் யாராவது "நன்றாக ஓடுகிறதா?" என்று தள்ளிப் பார்ப்பார்கள். அன்று ஆலைக்காரரின் பேரன் ஓடிவந்தான். தண்டவாளத்தின் இரு முனையிலும் ஸ்டாப்பரும் மேலே கேட் சாயாமல் பிடிக்கும் கைடு ரோலரும் கேட் ஏறுவதற்கு முன்பே இருக்க வேண்டும். நாங்கள் முந்தின நாளே போய் அவற்றை ஒட்டிவிட்டு வந்திருந்தோம். கேட் கடைசிவரை ஓடி, முட்டி, நின்றது.